கைக்குழந்தையோடு முதல் பனிக்காலம்: ஒன்ராறியோவில் குடும்பக் கார் வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் மகள் பிறப்பதற்கு ஆறு வாரங்கள் இருந்தபோது, ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமையில், ஸ்காபரோவில் அவசர அவசரமாக ஒரு பாவித்த காரை வாங்கினேன். உயரமான வண்டி, நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டி, ஆகவே பனிக்கு இதுவே போதும் என்று நம்பினேன். கையெழுத்திட்ட பிறகுதான் காப்புறுதிக்கு அழைத்தேன். அவர்கள் சொன்ன தொகை நான் மனத்தில் வைத்திருந்ததைவிட ஏறத்தாழ இரு மடங்கு. டிசம்பரில் முதல் பனி கொட்டிய அன்று, தேய்ந்த ஓல் சீசன் ரயர்களோடு அந்தக் கார் சிவப்பு விளக்குக் கோட்டைத் தாண்டி வழுக்கிச் சென்று சந்தியின் நடுவில் நின்றது. மனைவி அருகில் இருந்தார்; குழந்தை இன்னும் வயிற்றில். குழந்தை பிறந்து ஆசனத்தைப் பின்னால் பூட்டியபோது, முன் இருக்கையை நகர்த்த நேர்ந்து, அதில் இருப்பவரின் முழங்கால் டாஷ்போட்டில் முட்டியது. பதினைந்து மாதங்களில் அந்தக் காரை நட்டத்துக்கு விற்றுவிட்டு, இரண்டாவது காரை ஒழுங்கான வரிசையில் வாங்கினோம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்து, கையில் பணம் அளவாக வைத்திருக்கும் பெற்றோருக்காக இது எழுதப்படுகிறது.

1. முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

குழந்தை ஜனவரியில் பிறக்கப் போகிறது என்றால், கார் தேடலை ஓகஸ்டில் தொடங்குங்கள். செப்டம்பர் முடிவதற்குள் கார் வீட்டுக்கு வர வேண்டும். ஒக்ரோபர் நடுப்பகுதியில் வின்ரர் ரயர் ஏற வேண்டும். ரயரை நன்றிதெரிவித்தல் நாளை ஒட்டி மாற்றுவது என்று இங்கே பலர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது நல்ல கணக்கு. முதல் பனி விழுந்த பிறகு கராஜுக்குத் தொலைபேசி எடுத்தால், இரண்டு மூன்று வாரங்கள் கழித்துத்தான் நேரம் கிடைக்கும்.

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஒன்ராறியோவில் குடியேறியவர் தம் நாட்டு அனுமதிப்பத்திரத்தைக் கொண்டு 60 நாட்கள் மட்டுமே வாகனம் ஓட்டலாம். ஜி1 எனப்படும் பழகுநர் நிலையில் இருப்பவர், முழு அனுமதிப்பத்திரமும் போதிய அனுபவமும் உள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஓட்ட முடியாது. ஆகவே குழந்தை பிறக்கும்போது வீட்டில் ஒருவராவது, தனியாக ஓட்டக்கூடிய ஜி2 நிலையில் அல்லது முழு அனுமதிப்பத்திரமான ஜி நிலையில் இருப்பதற்கு ஏற்பாடு செய்துவிட்டுக் காரைத் தேடுங்கள். ஊரிலிருந்து ஓட்டுநர் அனுபவத்தை உறுதிப்படுத்தும் கடிதம் வாங்க முடிந்தால் புறப்படும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிருந்து கொண்டு அதை எடுப்பது மாதக்கணக்கில் இழுபடும்.

2. காரின் விலை என்பது முழு விலை அல்ல

விளம்பரத்தில் 14,000 டொலர் என்று போட்டிருக்கும் ஒரு பாவித்த காரை எடுத்துக்கொள்வோம். 13 சதவீத எச்.எஸ்.ரி வரி 1,820 டொலர். இலக்கத்தகடும் உரிமைப் பத்திரமும் 59 டொலர். இவற்றோடு எங்கள் செலவையும் சேர்க்கிறேன்: எஃகு றிம்மோடு நான்கு வின்ரர் ரயர்கள் 1,050 டொலர், வாங்குமுன் மெக்கானிக்கின் சோதனை 150 டொலர், அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்பு எண்ணெய் 160 டொலர். கூட்டிப் பார்த்தால் 17,239 டொலர் வருகிறது. காப்புறுதியும் குழந்தை ஆசனமும் இதற்குள் அடங்கவில்லை. எனவே கையில் 14,000 டொலர் இருந்தால், 11,000 டொலருக்குள் கார் தேடுங்கள்.

கடனில் வாங்குபவர்கள் விழும் பொறி வேறு. டீலர் உங்களிடம் மொத்த விலையைப் பேச மாட்டார். "இரண்டு கிழமைக்கு 150 டொலர்தானே" என்பார். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை என்றால் வருடத்துக்கு 26 தவணைகள், அதாவது 3,900 டொலர். ஆறு வருடங்களில் அது 23,400 டொலர். அந்தக் கணக்கை அவர் முன்னாலேயே தாளில் எழுதி, காரின் விலை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். கனடாவில் கடன் வரலாறு இல்லாத புதியவர்களுக்கு வட்டி கூடுதலாகவே வரும். அதனால் முதலில் உங்கள் வங்கியில், புதிதாக வந்தவர்களுக்கான வாகனக் கடன் உண்டா என்று கேட்டு, வட்டி வீதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு டீலரிடம் போங்கள்.

3. காப்புறுதி விலையைக் காருக்கு முன்பு கேளுங்கள்

நான் செய்த மிகப் பெரிய பிழை இதில்தான். ஒன்ராறியோவில் காப்புறுதி இல்லாமல் காரைத் தெருவில் இறக்க முடியாது. அதன் விலை சாரதியின் அனுபவத்தை மட்டுமல்ல, நீங்கள் வசிக்கும் இடத்தின் தபால் குறியீட்டையும் காரின் வகையையும் பொறுத்தது. ஸ்காபரோவிலும் பிரம்டனிலும் கட்டும் தொகை சிறிய ஊர்களில் கட்டுவதைவிடக் கணிசமாக அதிகம். அடிக்கடி களவு போகும் வண்டிகளுக்கு மேலும் கூடும், ஹொண்டா சி.ஆர்.வி அண்மைய வருடங்களில் அந்தப் பட்டியலின் முன்வரிசையில் இருந்திருக்கிறது.

ஆகவே இரண்டு மூன்று கார்களைத் தெரிவு செய்தவுடன், ஒவ்வொன்றின் வாகன அடையாள இலக்கமான 17 எழுத்து வின் இலக்கத்தையும் விற்பவரிடம் கேட்டு வாங்கி, குறைந்தது மூன்று இடங்களில் விலை கேளுங்கள். அப்போது இந்த மூன்றையும் சொல்லுங்கள். முதலாவது, வின்ரர் ரயர் போடப் போகிறேன் என்பது. 2016 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் எல்லாக் காப்புறுதி நிறுவனங்களும் அதற்குக் கழிவு கொடுக்க வேண்டும். ரயர் வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இரண்டாவது, ஊரில் ஓட்டிய வருடங்களைக் கணக்கில் எடுப்பீர்களா என்ற கேள்வி; ஒரு நிறுவனம் மறுத்ததை இன்னொரு நிறுவனம் ஏற்கலாம். மூன்றாவதாக, சட்டப்படி மூன்றாம் தரப்புப் பொறுப்புக்கு, அதாவது நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் இழப்புக்கு, 200,000 டொலர் போதும் என்றாலும், பத்து அல்லது இருபது இலட்சத்துக்கு உயர்த்தினால் எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். எங்களுக்குக் கூடிய தொகை சிறியது. மலிவாகத் தருகிறோம் என்று சொல்லி, உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான நேரடி இழப்பீட்டுப் பகுதியை நீக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2024 முதல் அதை நீக்குவதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதை நீக்கிய பிறகு யார் இடித்தாலும் உங்கள் காரைத் திருத்தும் செலவு உங்கள் கையில்தான் வந்து விழும்.

4. எந்த வகைக் கார்

பனிக்காலம் என்றாலே நான்கு சக்கர இயக்கம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த இயக்கம் நின்ற காரைப் பனியிலிருந்து நகர்த்தவும் மேட்டில் ஏற்றவும் உதவும். ஓடுகிற காரை நிறுத்துவதற்கு அது உதவாது. நிறுத்துவது ரயர். நல்ல வின்ரர் ரயர் போட்ட சாதாரண முன்சக்கரக் கார், தேய்ந்த ரயரோடு ஓடும் பெரிய எஸ்.யு.வியைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கும். ரொறன்ரோ, மிசிசாகா, மார்க்கம் போன்ற இடங்களில் பெருந்தெருக்களைப் பனி வண்டிகள் விரைவில் வழித்துவிடுகின்றன. அங்கே வசிப்பவர்கள் நான்கு சக்கர இயக்கத்துக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்தை ரயருக்கும் சோதனைக்கும் கொடுப்பதே புத்தி என்பது என் முடிவு. வடக்கே பாரி, சட்பரி பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கும், மேடும் சரளையுமான கிராமத்துப் பாதையில் வீடு உள்ளவர்களுக்கும் கணக்கு மாறும். அவர்களுக்கு அது பயனுள்ள செலவு.

ஒரு விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கார் சறுக்கத் தொடங்கும்போது தானாகவே தனித்தனிச் சக்கரங்களுக்குப் பிறேக் போட்டுத் திசையைச் சரிசெய்யும் மின்னணு நிலைப்படுத்தி, 2011 செப்டம்பர் முதல் கனடாவுக்காகத் தயாரிக்கப்பட்ட எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே 2012ஆம் ஆண்டு மொடலுக்குப் பிந்திய காரையே பாருங்கள்.

சிறிய குடும்பத்துக்குக் கொறொல்லா, சிவிக், மஸ்டா 3, எலன்ட்ரா போன்றவை போதும். உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கைவைப்பார். பெற்றோரும் உடன் இருக்கிறார்கள், அடுத்த பிள்ளையும் வரலாம் என்றால், வின்ட்சரில் 2020 வரை தயாரிக்கப்பட்ட டொட்ஜ் கிராண்ட் கரவானைப் பாருங்கள். அதன் வழுக்கிக் கதவு, பக்கத்துக் கார் நெருங்கி நிற்கும் வாகனத் தரிப்பிடத்தில் குழந்தையை ஏற்றுவதற்கு வேறெதையும்விட வசதியானது. நான்கு சக்கர இயக்கம்தான் வேண்டும் என்பவர்களுக்கு சுபாரு ஃபொறெஸ்ரரில் அது எல்லா மொடலிலும் இருக்கிறது, ராவ்4, சி.ஆர்.வி இரண்டிலும் மொடலைப் பொறுத்து மாறும், விளம்பரத்தை நம்பாமல் பார்த்து உறுதிப்படுத்துங்கள். மின்சாரக் காரின் ஓடுதூரம் கடுங்குளிரில் வெகுவாகக் குறையும். வீட்டில் மின்னேற்றும் வசதி இல்லாத அடுக்குமாடிவாசிகளுக்கு முதல் காராக அதை நான் சொல்ல மாட்டேன்.

5. குழந்தை ஆசனத்தையும் தள்ளுவண்டியையும் கையோடு கொண்டுபோங்கள்

காரைப் பார்க்கப் போகும் முன்பே ஆசனத்தை வாங்கிவிடுங்கள். ஒன்ராறியோவில் 9 கிலோவுக்குக் குறைந்த குழந்தை பின்னோக்கிய ஆசனத்தில்தான் இருக்க வேண்டும். அதன் பிறகும் ஆசனம் அனுமதிக்கும் எல்லைவரை பின்னோக்கியே வைத்திருப்பது பாதுகாப்பானது. பின்னோக்கிய ஆசனம் சாய்வாக இருப்பதால், முன் இருக்கையின் முதுகை நோக்கி நீண்டு வரும். இது விற்பனை இணையதளங்களில் எழுதப்படுவதில்லை.

நாங்கள் இரண்டாம் தடவை செய்தது இதுதான். விற்பவரின் அனுமதியோடு ஆசனத்தைப் பின்வரிசையின் நடுவில் பூட்டினோம். நடுவில் இறுக்கமாகப் பொருந்தினால் அதுவே நல்ல இடம். பொருந்தாதபோது பயணி பக்கத்துக்கு மாற்றினோம். பிறகு என் மனைவி முன் இருக்கையில், குளிர் சப்பாத்தும் கனத்த மேலங்கியும் அணிந்தபடி பத்து நிமிடங்கள் உட்கார்ந்து பார்த்தார். ஆசனத்தின் பட்டி செல்லும் இடத்தில் கையை வைத்து இழுத்தபோது அது இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேல் அசையக் கூடாது. பின்னர் தள்ளுவண்டியை மடித்து டிக்கியில் வைத்து, இரண்டு மளிகைப் பைகளுக்கு இடம் மிஞ்சுகிறதா என்று பார்த்தோம். ஒரு கார், மற்ற எல்லாவற்றிலும் தேறிய கார், இந்தச் சோதனையில் தோற்றது.

மூன்று எச்சரிக்கைகள். முன் காற்றுப்பை இயங்கும் இருக்கையில் பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்காதீர்கள். நியூ ஜேர்சியிலிருந்து மச்சாள் கொண்டுவந்து தரும் ஆசனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வட்டத்துக்குள் மேப்பிள் இலை உள்ள கனடாவின் தேசியப் பாதுகாப்பு முத்திரை அதில் இல்லையென்றால் இங்கே பாவிக்க முடியாது. பிறர் பாவித்த ஆசனத்தை வாங்கவேண்டி வந்தால், அதன் காலாவதித் திகதியைப் பாருங்கள். விபத்தில் சிக்கியதா என்று தெரியாத ஆசனத்தை விட்டுவிடுங்கள்.

6. கடதாசிகள்: பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

தனியாரிடம் வாங்கும்போது, யு.வி.ஐ.பி எனப்படும் பாவித்த வாகனத் தகவல் பொதியை விற்பவர் உங்களுக்குத் தர வேண்டும் என்பது சட்டம். மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவில் 20 டொலருக்கு அது கிடைக்கும். ஒன்ராறியோவில் அந்தக் காருக்கு இதுவரை எத்தனை உரிமையாளர்கள், அதன்மேல் தீர்க்கப்படாத கடன் உண்டா என்பவை அதில் இருக்கும். கடன் இருந்தால், காரை வாங்கியவரிடமிருந்தே கடன் கொடுத்தவர் அதைப் பறித்துச் செல்ல முடியும். அதோடு கார்ஃபக்ஸ் கனடா அறிக்கையையும் எடுங்கள். விபத்துக் கோரிக்கைகளையும் வேறு மாகாணங்களின் பதிவுகளையும் அது காட்டும். உற்பத்தியாளர் கார்களைத் திரும்ப அழைத்துத் திருத்தும் பழுதுகள் இந்தக் காரில் சரிசெய்யப்பட்டனவா என்பதை வின் இலக்கத்தைக் கொடுத்து உற்பத்தியாளரிடம் கேட்டால் இலவசமாகச் சொல்வார்கள்.

பொதியில் உள்ள உரிமையாளரின் பெயரும் உங்கள் முன் நிற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். "நண்பரின் கார், நான்தான் விற்றுக் கொடுக்கிறேன்" என்பவர், பெரும்பாலும் உரிமம் இல்லாமல் கார் வியாபாரம் செய்பவர். அதே தொலைபேசி இலக்கத்தில் வேறு கார்களும் விளம்பரத்தில் இருந்தால் ஐயமே வேண்டாம், விலகிவிடுங்கள்.

டீலரிடம் வாங்கினால், ஒன்ராறியோவில் கார் டீலர்களைக் கண்காணிக்கும் ஓம்விக் அமைப்பில் அவர் பதிவு பெற்றவரா என்று அதன் இணையதளத்தில் தேடுங்கள். பதிவுபெற்ற டீலரின் விளம்பர விலைக்குமேல் எச்.எஸ்.ரியும் இலக்கத்தகட்டுக் கட்டணமும் மட்டுமே சேரலாம். "நிர்வாகக் கட்டணம்", "கண்ணாடியில் இலக்கம் பொறிப்பு", "நைட்ரஜன் காற்று" என்று பட்டியல் நீண்டால், விளம்பரத்தின் படத்தைக் காட்டி அந்த விலைக்கே கேளுங்கள். நான் முதல் தடவை இந்தப் பெயர்களில் அறுநூறு டொலருக்கு மேல் கொடுத்தேன், கேட்கலாம் என்பதே தெரியாமல். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: ஒன்ராறியோவில் டீலரிடம் கையெழுத்திட்ட கார் ஒப்பந்தத்தை மனம் மாறித் திருப்பிக் கொடுப்பதற்குச் சட்டம் நாட்களைத் தரவில்லை. இரவு வீட்டுக்கு வந்து யோசித்துவிட்டுக் காலையில் கையெழுத்திடுங்கள்.

7. காரைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள்

நீங்கள் வரும் வரை காரை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பொனற்றின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் கிளம்பச் சிரமப்படும் கார் என்பதை மறைப்பதற்காக முன்பே ஓடவிட்டிருக்கலாம். பற்றரி கடுங்குளிரில் தன் வலுவில் பெரும் பங்கை இழக்கும். செப்டம்பரில் தயங்கித் தயங்கிக் கிளம்பும் கார், ஜனவரியில் குழந்தையோடு உங்களைத் தரிப்பிடத்தில் நிறுத்திவிடும்.

அடுத்தது துரு. இங்கே பனிக்காலம் முழுவதும் வீதிகளில் உப்பு கொட்டுகிறார்கள். காரைத் தின்பது அந்த உப்புத்தான். கதவுக்குக் கீழுள்ள விளிம்பை விரலால் தடவுங்கள், சக்கர வளைவின் உட்பக்கத்தைக் கைவிளக்கால் பாருங்கள், டிக்கியின் விரிப்பைத் தூக்கி உதிரிச் சக்கரம் இருக்கும் குழியில் தண்ணீரோ துருவோ தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மேல் வண்ணத்தில் உள்ள புள்ளித் துருவுக்குப் பயப்பட வேண்டாம். அடிச்சட்டமும் பிறேக் குழாய்களும் துருப்பிடித்திருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஓடிப் பார்க்கும்போது ஹீற்றரைக் கூட்டி வைத்து, பின்வரிசைக்குச் சூடு வருகிறதா என்று பின்னால் உட்கார்ந்து உணருங்கள். பின் கண்ணாடியின் பனி நீக்கும் கம்பிகள் வேலை செய்கின்றனவா என்பதும் முக்கியம். பிறகு, விற்பவர் சொல்லும் மெக்கானிக்கை விட்டு, உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் காரை உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ், "சேஃப்ரி" என்று நாம் சொல்வது, சோதனை செய்த நாளில் அந்தக் கார் சட்டத்தின் குறைந்தபட்ச அளவை எட்டியது என்பதை மட்டுமே சொல்கிறது. எஞ்சினும் கியர்பெட்டியும் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு அது உத்தரவாதமல்ல.

8. பதிவு

சேஃப்ரி 36 நாட்களுக்கு மட்டுமே செல்லும். வாங்கிய 6 நாட்களுக்குள் காரை உங்கள் பெயரில் பதிய வேண்டும். சேர்விஸ் ஒன்ராறியோவுக்குக் கொண்டுபோக வேண்டியவை: சாரதி அனுமதிப்பத்திரம், விற்பவர் கையெழுத்திட்ட உரிமைப் பத்திரம், விற்பனைப் பத்திரம் நிரப்பிய யு.வி.ஐ.பி, சேஃப்ரி, காப்புறுதிச் சான்று. ஒன்ராறியோவில் இலக்கத்தகடு ஆளுக்குச் சொந்தம், காருக்கல்ல. விற்பவர் தன்னுடையதைக் கழற்றிக்கொள்வார். அவருடைய தகட்டோடு வீட்டுக்கு ஓட்டிவந்தால் அது குற்றம்.

தனியாரிடம் வாங்கும்போது வரியைப் பதிவு செய்யும் இடத்தில் நீங்களே கட்டுகிறீர்கள். 13 சதவீதம் என்பது நீங்கள் கொடுத்த விலைக்கும் காரின் மொத்தவிற்பனைப் பெறுமதிக்கும் எது கூடவோ அதன்மேல் கணக்கிடப்படும். 9,000 டொலருக்கு வாங்கிய காரின் பெறுமதி 11,000 டொலர் என்றால், வரி 1,170 அல்ல, 1,430 டொலர். பற்றுச்சீட்டில் விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். அதனால் உங்களுக்கு இலாபமும் இல்லை.

9. ரயர்

வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் ஓல் சீசன் ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கும்; பனி விழாவிட்டாலும் பிடிப்புக் குறையும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் குழந்தை இருக்கும் வீட்டில் அதைக் கட்டாயமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சிகரங்களும் பனித்துகளும் உள்ள சின்னத்தை ரயரின் பக்கத்தில் தேடுங்கள். நான்கையும் மாற்றுங்கள், முன்னால் இரண்டை மட்டும் மாற்றினால் வளைவில் கார் பின்பக்கமாகச் சுழலும். பழைய ரயர் வாங்கினால், பக்கத்தில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 3221 என்றால் 2021ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பனிக்கு உதவாது. தனி றிம்மில் ஏற்றி வாங்கினால் முதல் வருடம் செலவு கூடும், ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் மாற்றும் கூலி குறையும். மாற்றி 100 கிலோமீற்றர் ஓடிய பின் சக்கர ஆணிகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

10. கடைசியாக, மேலங்கி

கார் வந்துவிட்டது, ரயர் ஏறிவிட்டது, குழந்தையும் பிறந்துவிட்டது. இனி ஒவ்வொரு குளிர்காலக் காலையிலும் நேரும் ஒரு தவறு மீதமிருக்கிறது. வெளியே −18 பாகை. பஞ்சு நிறைந்த உடையை அணிவித்து, அப்படியே ஆசனத்தில் வைத்துப் பட்டியை இறுக்குகிறோம். பட்டி இறுக்கமாகத்தான் தெரியும்.

வீட்டுக்குள் ஒருநாள் இதைச் செய்து பாருங்கள். பனி உடையோடு குழந்தையை ஆசனத்தில் வைத்துப் பட்டியைச் சரியாக இறுக்குங்கள். பட்டியைத் தளர்த்தாமல் கொக்கியை மட்டும் கழற்றி, உடையை நீக்கி, குழந்தையைத் திரும்ப வைத்துப் பூட்டுங்கள். தோளுக்கும் பட்டிக்கும் நடுவே என் நான்கு விரல்கள் தாராளமாக நுழைந்தன. மோதலில் பஞ்சு அமுங்கும்போது குழந்தைக்கும் பட்டிக்கும் நடுவே உண்டாகும் இடைவெளி அதுதான்.

மெல்லிய கம்பளிச் சட்டையோடு குழந்தையை இருத்தி, தோள்ப் பகுதியில் பட்டியை விரல்களால் கிள்ள முடியாத அளவுக்கு இறுக்கி, மார்புக் கொக்கியை அக்குள் உயரத்தில் நிறுத்தி, அதன்மேல் போர்வையைப் போடுங்கள். முதுகுக்குப் பின்னால் செல்லும் எந்த உறையும், ஆசனத்தோடு வந்ததாக இல்லாவிட்டால், வேண்டாம். காரை ஐந்து நிமிடம் முன்பே சூடாக்கலாம். ஆனால் மூடிய கராஜுக்குள் ஒருபோதும் இயக்காதீர்கள், வெளியே நிற்கும் காரிலும் புகைக்குழாயின் வாயில் குவிந்த பனியை முதலில் வழித்துவிட்டு இயக்குங்கள்.